46 அங்குலத்துக்கு ஒரு லேஸ் கவுன்

என் தம்பியின் திருமணம் மே மாதம் இரண்டாவது வாரத்தில், அதாவது வேலூரில் கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில், நிச்சயமாயிற்று. காலையில் ஆலயத்தில் ஆராதனை, மாலையில் காட்பாடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. வரவேற்பு மேடையில் நிற்கப்போகும் பெண்கள் எல்லாரும் கத்திரிப்பூ நிறத்தில் லேஸ் உடை அணிய வேண்டும் என்று வீட்டின் இளையவர்கள் கூடி முடிவு செய்தார்கள். கத்திரி வெயிலில் கத்திரிப்பூ நிறம் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தபோதுதான், மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் நானும் அந்த வரிசையில் நிற்கவேண்டும் என்பது உறைத்தது.

எனக்கு வயது 43, உயரம் 5 அடி 2 அங்குலம். மார்புச் சுற்று 46 அங்குலம், இடுப்பு 42, தையற்காரர்கள் சீட் என்று சொல்லும் பின்புறச் சுற்று 52. உறவுக்காரர்கள் நாகரிகமாகப் ‘பூசினாற்போல் உடம்பு’ என்பார்கள், கடைக்காரர்கள் ‘பிளஸ் சைஸ்’ என்பார்கள். என் அம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இல்லை. லேஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், “உனக்கு லேஸ் போட்டா கட்டிலுக்குக் கொசுவலை கட்டின மாதிரி இருக்கும், பேசாம கறுப்புல தொளதொளன்னு ஒண்ணு எடுத்துக்கோ” என்றார். அந்தப் பேச்சில் பாதி சரி, பாதி தவறு என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும் ஒரு கிழிந்த கவுனும் தேவைப்பட்டன.

பிப்ரவரியிலேயே இணையத்தில் ஓர் ஆயத்த கவுனை வரவழைத்தேன். அளவுப் பட்டியலில் மூன்று எக்ஸ்எல் என்றால் மார்பு 46 என்று போட்டிருந்தது. என் மார்பும் 46. ஆகவே சரியாக இருக்கும் என்று நம்பினேன். அந்த 46 அணிகிறவரின் உடம்பு அளவா, தைத்து முடித்த உடையின் அளவா என்று நான் பார்க்கவில்லை. அது உடையின் அளவு. நீளாத லேஸில் தைக்கும் உடைக்கு, உடம்பின் அளவைவிட மார்பில் இரண்டு அல்லது மூன்று அங்குலமாவது லூஸ் வேண்டும், இல்லாவிட்டால் மூச்சை இழுத்து விடுவதற்கே இடம் இராது. அதைவிடப் பெரிய சிக்கல் கையில் இருந்தது. என் மேற்கையின் சுற்று 18 அங்குலம். அந்தக் கவுனின் கைச்சுற்று 15. பட்டியலில் மார்பும் இடுப்பும் இருந்தனவே தவிர, கைச்சுற்று என்று ஒரு வரியே இல்லை.

எப்படியோ உள்ளே நுழைந்து, கண்ணாடி முன் நின்று, பரவாயில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, நகைப் பெட்டியை எடுப்பதற்காக மேல் அலமாரிக்குக் கையைத் தூக்கினேன். அக்குளுக்குப் பக்கத்தில் ‘சர்’ரென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் தையல் அப்படியே இருந்தது. தையலை ஒட்டியிருந்த வலைதான் நான்கு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தையல் பிரிந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். வலை கிழிந்தால் அதை எங்கே பிடித்துத் தைப்பது? அம்மாவிடம் போட்டுக் காட்டும் அவசரத்தில் விலைச் சீட்டை வேறு வெட்டி எறிந்திருந்தேன், அதனால் திருப்பி அனுப்பவும் வழியில்லை. அது முழுக்க என் தவறு. இணையத்தில் வாங்குகிறவர்கள், நன்றாகப் பொருந்துகிற தங்கள் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து அதை இரட்டித்து, அந்த எண்ணைப் பட்டியலின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கைச்சுற்று போடாத விற்பனையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் வாங்கக்கூடாது.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் ஆபீசர்ஸ் லைனிலும் லாங் பஜாரிலும் கழிந்தன. கடைப் பெண்கள் அன்பானவர்கள்தாம், ஆனால் நான் வாசலில் காலை வைத்ததுமே அவர்களுடைய கண் என் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு முறை இறங்கி ஏறும். “உங்க சைஸ்ல வராதுக்கா” என்பது பல இடங்களில் கிடைத்த பதில். ‘ஃப்ரீ சைஸ்’ என்று எடுத்துக் கொடுத்தவையெல்லாம் இழுபடும் ஸ்ட்ரெச் லேஸ். அது உள்ளே நுழையும் என்பது உண்மை, ஆனால் இழுபட்ட இடத்தில் பூக்கள் அகன்று, வலையின் கண்கள் விரிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. அம்மாவின் கொசுவலை எனக்கு அங்கேதான் நினைவுக்கு வந்தது. கடைசியாக ஒரு கடையில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, “அக்கா, ரெடிமேடு தேடாதீங்க, துணி எடுத்துத் தைச்சுடுங்க, லேஸ்ல மட்டும் அதான் சரிவரும்” என்றாள். தன் கடை விற்பனையைக் கெடுத்துக்கொண்டு அவள் சொன்ன அந்தச் சொல்லுக்கு இன்றும் நன்றி.

எங்கள் வீட்டில் லேஸ் புதிதல்ல. பாட்டி கடைசி வரை வெள்ளைச் சேலையும் கைநீள ஜாக்கெட்டும்தான் உடுத்தினார். அந்த ஜாக்கெட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் குரோஷா ஊசியால் பின்னிய நூல் லேஸ் இருக்கும். தெற்கே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும், அவருடைய மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதே வேலையை இடையன்குடியில் தொடங்கியதும் மிஷன் வரலாற்றில் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் அந்த லேஸ் பருத்தி நூல், அதுவும் ஓரங்களில் மட்டும். நாம் இன்று கவுனாகத் தைப்பது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் வலையின்மேல் இயந்திரம் போட்ட பூவேலை. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. மே மாத வேலூரில், பருமனான உடம்பில், இந்த வேறுபாடு வெறும் எண்ணாக இராது, அக்குளிலும் முதுகிலும் தெரியும். பாட்டியின் ஜாக்கெட்டில் உடம்பைத் தொட்டதெல்லாம் பருத்தியாக இருந்ததை நினைத்துக்கொண்டுதான், உள்ளே என்ன துணி கொடுப்பது என்ற கேள்வியை லேஸ் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து, 130 கிலோமீட்டர் போய் சென்னை சென்ட்ரலில் இறங்கி, கோடவுன் தெருவுக்குப் போனேன். அங்கே பெரும்பாலும் மொத்த வியாபாரம், ஆனாலும் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடைகள் உண்டு. ஒரு கடையில் கத்திரிப்பூ நிறத்திலேயே மூன்று வகை லேஸை என் முன்னால் பரப்பினார்கள்.

முதலாவது, மெல்லிய வலையில் பொடிப்பொடிப் பூக்கள். கையில் எடுத்தால் எடையே இல்லை. தொலைவிலிருந்து பார்த்தால் பூவே தெரியவில்லை, துணியில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. அகன்ற உடம்பில் பொடிப்பூ போட்டால் இன்னும் பொடியாகத் தெரியும், உடம்பு இன்னும் பெரிதாகத் தெரியும். இரண்டாவது, கடைக்காரர்கள் ‘கெமிக்கல் லேஸ்’ என்று சொல்வது. ஓர் அடித்துணியின்மேல் நெருக்கமாகப் பூவேலை போட்டுவிட்டு, பிறகு அந்த அடித்துணியைக் கரைத்து எடுத்துவிடுவார்கள், பூக்கள் மட்டும் ஒன்றையொன்று கைகோத்து நிற்கும். பார்க்க மிக அழகு. கிழிவதும் எளிதல்ல. ஆனால் ஐந்து மீட்டரைத் தூக்கினால் ஈரப் போர்வையைத் தூக்குவதுபோல் கனத்தது. மூன்றாவது, வலையின்மேல் உள்ளங்கை அளவுப் பூக்கள். ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் மெல்லிய கயிறு ஓடியது. இதைத்தான் ‘கார்டட் லேஸ்’ என்கிறார்கள். இதில் ஜரிகை கலந்ததும் கலக்காததும் இருந்தன.

நான் செய்த சோதனைகள் கடைக்காரருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். முழங்கையின் உட்புறத்தில், தோல் மெலிதாக இருக்கும் இடத்தில், துணியை வைத்து ஒரு நிமிடம் தேய்த்தேன். ஜரிகை கலந்த லேஸ் அந்த ஒரு நிமிடத்திலேயே மூன்று சிவப்புக் கீறல்களைப் போட்டது. ஜரிகை இல்லாதது ஒன்றும் செய்யவில்லை. நாள் முழுவதும் கையும் விலாவும் உரசும் உடம்புக்கு ஜரிகை வேண்டவே வேண்டாம் என்பது அங்கே முடிவாயிற்று. பிறகு துணியைக் கையில் கசக்கி முப்பது எண்ணும் வரை பிடித்து விட்டேன், சுருக்கம் நிற்கவில்லை. கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே தெரிந்த கத்திரிப்பூ வேறு, வெளியே தெரிந்த கத்திரிப்பூ வேறு. கடைசியாக என் கையின்மேல் போட்டு, கைப்பேசியின் ஃபிளாஷைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். நம் கல்யாண மேடைகளில் வீடியோக்காரர் போடுகிற விளக்கு இருக்கிறதே, அதற்கு முன்னால் சாதாரண வெளிச்சத்தில் கெட்டியாகத் தெரிகிற வலையும் கண்ணாடித் தாளாகிவிடும்.

மூன்றாவது வகையில் ஜரிகை இல்லாததை, 52 அங்குல அகலத்தில் ஐந்தரை மீட்டர் வாங்கினேன். ஐந்து போதும் என்றார் கடைக்காரர். இரு விளிம்பிலும் வளைவு வளைவாக ஓரம் வந்திருந்தது; அந்த ஓரத்தைப் பாவாடையின் அடிப்பகுதிக்கும் கையின் முனைக்கும் பயன்படுத்த வேண்டுமானால் துணியைக் குறுக்கே போட்டு வெட்ட வேண்டியிருக்கும், அதற்குத் துணி கூடுதலாக இழுக்கும். பூக்களை இரு பக்கமும் ஒத்துப்போகும்படி வைப்பதற்கும் துணி செலவாகும். அந்த அரை மீட்டர்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பாய் எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறையாகத் தைக்கிறவர். பெண்களுக்கு அளவு எடுப்பது அவருடைய மனைவி. திரைக்குப் பின்னாலிருந்து அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, பாய் வெளியே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வார். கிழிந்த கவுனையும் புதுத் துணியையும் மேசையில் வைத்தேன். பாய் முதலில் கிழிந்ததைத்தான் எடுத்தார். அக்குள் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது உங்க உடம்பு கிழிக்கலம்மா. லேஸ் மேல பாரத்தைப் போட்டுட்டாங்க. லேஸ் பாரம் தூக்காது, லைனிங்தான் தூக்கணும்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் இதுவரை எந்த அளவுப் பட்டியலிலும் கண்டதில்லை. அவர் செய்த முறை இதுதான். உடம்பின் வடிவத்துக்கு ஒட்டித் தைப்பது லைனிங் என்கிற உள்துணியை மட்டும். வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட்டும், மார்பின் மேலாக நெடுக இறங்கும் பிரின்சஸ் கட் தையலும் அதிலேதான் வரும். லேஸை அதைவிடச் சுற்றளவில் அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, மேலே மிதக்கிறாற்போல் இணைப்பார். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இழுபடுவது உள்துணியே, லேஸ் அந்த இழுப்பில் பங்கெடுக்காது. என் இணையக் கவுனில் உள்துணி தோளில் மெல்லிய நாடாவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கையையும் அக்குளையும் லேஸ் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

உள்துணியின் தேர்வில் நாங்கள் நிறைய நேரம் செலவிட்டோம். மேல் பகுதிக்கு ரவிக்கைக்கு வாங்குகிற 2×2 ரூபியாப் பருத்தி. அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி வெளியே லேஸ் தொங்கும். கீழ்ப் பகுதிக்குப் பருத்தி ஒத்துவராது, நடக்கும்போது காலைப் பற்றும். ஆகவே வழுக்குகிற கிரேப். நிறத்தில் இரண்டு வழிகள் இருந்தன. லேஸின் நிறத்திலேயே உள்துணி கொடுத்தால் உடம்பு ஒரே பரப்பாக அமைதியாகத் தெரியும். வெளிர் நிறம் கொடுத்தால் பூ எடுப்பாகத் தெரியும், கூடவே உடம்பின் அகலமும் எடுப்பாகத் தெரியும். உடம்புப் பகுதிக்குக் கத்திரிப்பூவையே வைத்தோம். கழுத்துக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்கு மட்டும் தோல் நிறத்தில் வேண்டும் என்று கேட்டேன். ‘ஸ்கின் கலர்’ என்று கடைகளில் தருவது யாருடைய தோலோ. இளஞ்சிவப்பும் சந்தனமும் கலந்த ஒரு நிறம், நம் கையில் வைத்தால் பிளாஸ்திரி போட்டதுபோல் இருக்கிறது. நான்கு கடை ஏறி, தூள் சற்றுத் தூக்கலாகப் போட்ட பால் டீயின் நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தது.

அளவு எடுக்க வரும்போது, வரவேற்பு அன்று போடப்போகும் உள்ளாடையையே போட்டுக்கொண்டு, அன்று போடப்போகும் செருப்பையும் கொண்டுவரவேண்டும் என்று பாயின் மனைவி சொல்லியனுப்பியிருந்தார். மார்பு கனமாக உள்ளவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை. பிராவில் பாரத்தைத் தாங்க வேண்டியது சுற்றி வரும் பட்டியே, தோள் நாடா அல்ல. பட்டி தளர்ந்த பழையதைப் போட்டுக்கொண்டு அளந்தால் மார்பின் உயரமே ஓர் அங்குலம் கீழே விழும், டார்ட்டின் முனை தவறான இடத்தில் போய் நிற்கும். நான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கவுனின் தோளில் அந்த நாடாவைப் பிடித்துக்கொள்ள, உள்பக்கம் பிரஸ் பட்டன் வைத்த சிறு துணித் துண்டுகளையும் தைக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து லைனிங்கை மட்டும் தைத்துப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பாயின் மனைவி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறவர் அல்லர். உட்கார்ந்து காட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு, குனிந்து செருப்பு வாரை மாட்டு, இலை முன்னால் உட்கார்ந்து சோறு பிசைவதுபோல் கையை வை என்று வரிசையாகச் சொன்னார். உட்கார்ந்தபோது என் சீட் சுற்று இரண்டு அங்குலம் கூடியது. இடுப்புத் தையல் வயிற்றின்மேல் ஏறி மடங்கியது. அதை ஓர் அங்குலம் மேலே தூக்கி, மார்புக்குக் கீழே உடம்பு ஒடுங்கும் இடத்தில் வைத்தார்கள். முன்பக்கம் பாவாடை தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியும், பின்பக்கம் சரியாகவும் இருந்தது. எனக்கு அது ஏன் என்று தெரியவில்லை. மார்பும் வயிறும் துணியை எடுத்துக்கொள்வதால் பருமனானவர்களுக்கு முன்பக்கத்தை நீளமாக வெட்ட வேண்டும் என்று பாய் வெளியிலிருந்து விளக்கினார். ஆயத்த உடைகள் ஏன் எப்போதும் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கின்றன என்ற என் இருபது வருடக் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. அந்த ஓர் அங்குலத்துக்கும், அக்குளில் வைத்த சாய்சதுரத் துண்டுகளுக்கும்தான் கூடுதலாக வாங்கிய அரை மீட்டர் போயிற்று. அந்தத் துண்டு இருந்தால் கையைத் தூக்கும்போது கவுன் முழுவதும் கூடவே எழும்பாது.

கையின் நீளத்தைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் கடையிலேயே வாக்குவாதம். கை பெரிதாக இருப்பதால் மணிக்கட்டு வரை மூட வேண்டும் என்பது அவர் கட்சி. மேற்கையின் பெருத்த இடத்தில் முடியும் குட்டைக் கைதான் கூடாது. முழங்கைக்கு மூன்று விரற்கடை கீழே, கை ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் அந்த வளைவு ஓரம் வந்து முடிந்தால் போதும் என்பது என் கட்சி. கைக்கு லைனிங் கொடுக்கவில்லை. காற்று வரட்டும் என்று வெறும் லேஸாகவே விட்டோம். கறுப்பில் தொளதொள உடை என்ற யோசனையையும் அன்றே கைவிடச் செய்தேன். தோளிலிருந்து கூடாரம் போல் விழும் துணி, மார்பு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்த அகலத்தையே கால் வரை கொண்டுபோகிறது. ஒடுங்கும் இடம் ஒன்றையாவது கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

லேஸைத் தைக்கும்போது பாய் செய்த ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெல்லிய 11ஆம் எண் ஊசியைப் போட்டு, லேஸுக்கு அடியில் பட்டர் பேப்பர் கீற்று ஒன்றை வைத்து, காகிதத்தோடு சேர்த்து மெதுவாக ஓட்டினார். இயந்திரத்தின் பல் வலையைக் கடிக்கவில்லை. வரி முடிந்ததும் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுபக்கக் காகிதத்தைச் ‘சரக்’கென்று கிழித்து எடுத்தார். தையல் நேர்க்கோடாக நின்றது. உள்ளே அக்குள் தையலின் பிசிறுகள் உடம்பில் படாமல் ரூபியாவில் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய பட்டி, வைத்து மூடினார். ஜிப்பை முதுகில் வைக்காமல் இடப்பக்க விலாவில் வைத்தார், அதுவும் மறைவு ஜிப் வேண்டாம், இடுப்புத் தையல் தடித்திருக்கும் இடத்தில் அது சிக்கிப் பல் விட்டுவிடும் என்று சாதாரண ஜிப்பையே போட்டு மேலே துணிப்பட்டியால் மறைத்தார். பக்கத் தையல்களில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விட்டார். தையல் கூலி 2,200 ரூபாய். லேஸுக்கும் உள்துணிக்கும் சேர்த்து 5,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆயிற்று. கிழிந்த கவுனுக்குக் கொடுத்தது 3,400 என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திருமண நாள் காலையில் ஆலயத்துக்கு ஆரணிப் பட்டுதான் உடுத்தினேன். முந்தானையை எடுத்து முக்காடு போட்டுக்கொள்ளும் வசதி கவுனில் கிடையாது. மாலை ஆறு மணிக்குக் கவுனுக்கு மாறினேன். தொடைகள் உரசாமல் இருக்க உள்ளே முழங்கால் வரை நீண்ட பருத்திக் கால்சட்டை, கொஞ்சம் பவுடர். மேடையில் மூன்று மணி நேரம், முகத்துக்கு நேரே விளக்கு, குளிரூட்டி இருந்தும் இல்லாத நிலை. முதுகில் பருத்தி நனைந்ததே தவிர ஒட்டவில்லை. ஆனால் கிரேப் பாவாடை, உரசலில் எழும் நிலைமின்சாரத்தால், காலோடு ஒட்டிக்கொண்டது. ஈரக்கையால் உள்துணியை ஒரு முறை தடவியதும் விட்டது.

நான் யோசிக்காமல் விட்டது வளையல். கல் வைத்த வளையல் ஒன்று, சித்தியைக் கட்டிப்பிடித்தபோது, இடுப்புக்கு மேலே ஒரு பூவின் விளிம்புக் கயிற்றைக் கொக்கிபோல் பிடித்து இழுத்துவிட்டது. இழுத்து அறுக்காமல், உள்பக்கமாக ஊசியால் தள்ளி விட்டோம். இன்றும் உற்றுப் பார்த்தால் தெரியும். லேஸ் போடுகிற அன்றைக்கு வழுவழுப்பான தங்க வளையல் போதும். சேலைக்குக் குத்துகிற பழக்கத்தில் லேஸில் சேஃப்டி பின்னைக் குத்தக் கூடாது, குத்தித்தான் ஆகவேண்டுமானால் உள்துணியில் குத்த வேண்டும். கனகாம்பரத்தைத் தோளில் விழும்படி வைக்கக் கூடாது, அதன் சாயம் இறங்கும். விருந்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் ஊற்றிய கத்திரிக்காய்த் தொக்கு ஒரு சொட்டு மடியில் விழுந்தது. தண்ணீரைத் தொடாமல் உடனே முகப்பவுடரைக் கொட்டி எண்ணெயை உறிஞ்ச விட்டதால், மறுநாள் சவர்க்காரத்தில் போய்விட்டது. துவைத்தது குளிர்ந்த தண்ணீரில், ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கையால். ஈரத்தோடு ஹாங்கரில் மாட்டினால் தன் எடையிலேயே நீண்டுவிடும் என்பதால் துண்டின்மேல் படுக்கவைத்துக் காயவைத்தேன். இஸ்திரி, ஒற்றைப் புள்ளிச் சூட்டில், உட்புறமாக, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு. பீரோவில் இப்போதும் மடித்துத்தான் வைத்திருக்கிறேன்.

படங்கள் வந்த அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கவுனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “கை நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அத்தை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அதையே போடலாம் என்று எடுத்தபோது ஜிப் பாதியில் நின்றது. அளந்து பார்த்தால் மார்பு 48. கவுனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். பாய் நோட்டைப் புரட்டிப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதிக்கொண்டு, பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியிலிருந்து பக்கத்துக்கு ஓர் அங்குலம் வெளியே விட்டார். பழைய தையல் துளைகள் பூக்களுக்கு நடுவே எங்கே போயின என்றே தெரியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, “இன்னும் அரை அங்குலம் உள்ள இருக்கும்மா” என்றார்.